கோபத்தில் பிடித்த சாணை

எங்கள் செங்கோட்டையில் அரிவாள்மனையிலிருந்து சவரக்கத்தி வரைக்கும் அத்தனை இரும்பும் என் வாயைக் கேட்டுக் கூர்பிடித்த ஒரு வருஷம் உண்டு; அந்த வருஷம் சாரல் தப்பாமல் விழுந்தது, பலா கிளை தாங்காமல் காய்த்தது, ரயில் வழக்கம்போலத் தாமதமாக வந்தது, மற்றபடி ஊர் ஊராகத்தான் இருந்தது, யாரும் வாய் பிளந்து நிற்கவில்லை, கத்தி மழுங்கினால் வடிவக்கா பட்டறைக்குப் போ என்று சொல்ல ஒரே வாரத்தில் பழகிக்கொண்டார்கள்.

செண்பகவடிவு என் முழுப் பெயர். ரயில்வே கேட்டைத் தாண்டி இடதுபக்கம் திரும்பினால் தகரக் கூரை போட்ட நீளமான பட்டறை என்னுடையது. கதவு, ஜன்னல், நிலை செய்கிறோம். மர மில்லில் தூள் அள்ளுகிற கூலியாகப் போனவள் நான். மரத்தைத் தட்டிப் பார்த்து உள்ளே பொந்து இருக்கிறதா என்று சொல்லவும், வியாபாரி சொல்கிற விலையைக் கேட்டுச் சிரிக்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டேன், யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை, ஏமாந்து ஏமாந்து படித்த படிப்பு அது, அதனால்தான் மறக்கவில்லை.

அந்தப் புரட்டாசியில் என் தலைமேல் நாற்பத்திரண்டு கதவுகள் இருந்தன. தென்காசிப் பக்கம் புதிதாகக் கட்டிய பெண்கள் விடுதிக்கு, அறைக்கு ஒன்றாக, முழுக்க வேங்கை மரத்தில், மார்கழி முடிவதற்குள் மாட்டிக் கொடுக்க வேண்டும். வெளியூர்க் கம்பெனி ஒன்று அச்சில் வார்த்த கதவுகளோடு காத்திருந்தது. "ஒரு கதவு குறைஞ்சாலும் சொல்லுங்க சார், ஒரே நாள்ல நாப்பத்திரெண்டையும் இறக்கிடுறோம்" என்று என் காதில் விழவேண்டும் என்றே இன்ஜினியரிடம் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனான் அந்தக் கம்பெனி ஆள். நான் இன்ஜினியரிடம் சொன்னேன்: "சார், நாப்பத்தியொண்ணு நின்னு ஒண்ணு குறைஞ்சா, அந்த ஒத்த ரூம்புக்கு நானே கதவா நிக்கேன்."

சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் வேங்கை சும்மா மரம் இல்லை. பச்சையில் வெட்டினால் ரத்தம்போலச் சிவப்புப் பால் வடிக்கும், காய்ந்தபின் உளியின் வாயைத் தின்னும். என்னிடம் ஏழு ஆசாரிகள், ஏழு பேருக்கும் ஏழு சாணைக்கல். சாப்பாட்டுத் தூக்கை மாற்றிக்கொள்வார்கள், வேட்டியை மாற்றிக் கட்டிக்கொள்வார்கள், ஒருத்தர் உளியை இன்னொருத்தர் தீட்ட மட்டும் விடமாட்டார்கள். ஒருவர் குனிந்து செதுக்குவார், ஒருவர் நிமிர்ந்து செதுக்குவார், அவரவர் உடம்புக்கு ஏற்றபடி உளியின் சரிவு அவரவருக்கு வேறு. அதனால் நாளில் மூன்றில் ஒரு பங்கு பட்டறையில் செதுக்குகிற சத்தமே கேட்காது, ஏழு கல்லில் ஏழு உளி உரசுகிற சத்தம்தான் கேட்கும். தலைமை ஆசாரி உலகநாதனுக்கு வலது மணிக்கட்டு பணியாரமாக உப்பிவிட்டது. ஆமணக்கு இலையைச் சூடுகாட்டிச் சுற்றிக்கொண்டு தீட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, சாணை மெஷின் ஒண்ணு வாங்கிருவோம்."

"மெஷினுக்கு என் கை தெரியுமா வடிவம்மா?"

"உம்ம கைக்கே இப்ப உம்ம கையைத் தெரியலையே!"

ஏழு பேரும் சிரித்தார்கள், உலகநாதனும் சிரித்தார், சிரித்தபோது மணிக்கட்டு வலித்து முகம் கோணிற்று. சோதித்துப் பார்த்து வாங்குவதற்காக ஆளுக்கொரு மழுங்கின உளியை அவரவர் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார்கள், பிள்ளையைத் தனியாக ரயில் ஏற்றிவிடுகிற முகத்தோடு கொடுத்தார்கள். ஏழையும் சாக்குப் பையில் போட்டுக்கொண்டு கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

கடைக்காரர் பெயர் குழந்தைவேலு. நெற்றி நிறையத் திருநீறும் சட்டைப்பை நிறையப் பேனாவும் வைத்திருந்தார். மூன்று மெஷின் காட்டினார். முதலாவது நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றுச் சுற்றுகிற கல். உளியை வைத்ததும் தீபாவளி மத்தாப்புப் போலப் பொறி பறந்தது, எடுத்துப் பார்த்தால் முனையில் மயில்கழுத்து நீலம். இரும்பு நீலமாகிவிட்டால் அதன் உறுதி போய்விட்டது என்று அர்த்தம், அப்புறம் அது உளி இல்லை, கரண்டி. இரண்டாவது பட்டையாக ஓடுகிற மெஷின். பார்க்க வேகம், ஆனால் முனையை உருட்டிவிட்டது. மூன்றாவது தண்ணீர்த் தொட்டிக்குள் பாதி முங்கி, கல்யாண வீட்டுக் கிரைண்டரைவிட மெதுவாகச் சுற்றுகிற பெரிய கல். பொறி இல்லை, சூடு இல்லை, சத்தமே இல்லை. எனக்குப் பிடித்துவிட்டது. பிடித்ததை முகத்தில் காட்டாமல் இருக்க முப்பது வருஷப் பழக்கம் உண்டு எனக்கு.

"இது என்ன, தூங்குது?"

"நல்ல கல்லுங்க. விலை பேசறதுக்கு இல்லீங்க."

"பேசாத விலைன்னு ஒண்ணு உண்டா? நீரு சொல்லும், நான் சொல்லுதேன், நடுவுல ஒரு இடத்துல சேருவோம்."

அவர் பேனாவை எடுத்து மூடியைத் திருகித் திறந்து மறுபடி மூடினார். "அம்மணி, மெஷின் சமாச்சாரமெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க? வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கோ, அவர்கிட்டப் பேசிக்கறேன்."

நான் பேச ஆரம்பித்தேன். என்ன பேசினேன் என்று முழுசாக இங்கே எழுத முடியாது. மரத்தூளில் ஆரம்பித்து, நான் தோளில் சுமந்த நிலைகளைச் சொல்லி, நான் மாட்டிய கதவுகளைச் சொல்லி, அந்தக் கதவுகளுக்குள்ளே பிறந்த பிள்ளைகளைச் சொல்லி, அவர் கடைக் கதவின் கீல் தொங்குவதைச் சொல்லி, அந்தக் கீலை மாட்டிய கையைச் சொல்லி, அந்தக் கையை வேலைக்கு வைத்த தலையைச் சொல்லி, மூச்சு விடாமல் பேசினேன், தெருவில் போன ஆட்டோக்கள் நின்றன. மூச்சு வாங்க நான் நிறுத்தியபோது சாக்குப் பையின் அடி திறந்துகொண்டு ஏழு உளிகளும் தரையில் விழுந்தன.

குழந்தைவேலு குனிந்து ஒன்றை எடுத்தார். முன்கை மயிரிடம் கொண்டுபோனார். மயிர் உளி வருவதற்கு முன்பே உதிர்ந்தது. நீலம் பாய்ந்திருந்த உளியையும் எடுத்துப் பார்த்தார், நீலம் போய்க் கண்ணாடியாக இருந்தது. பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார்: "இதுக்கு மேல எந்த மெஷினும் பிடிக்காதுங்க அக்கா. உங்களுக்கு மெஷின் வித்தா எனக்குப் பாவம்."

இங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். முப்பது வருஷமாகக் கத்தரிக்காய்க்கும் பேரம், தேக்குக்கும் பேரம், எது வாங்கினாலும் முதல் வார்த்தையாக என்ன விலை என்று கேட்டவள், இந்த ஒன்றை மட்டும் விலையே கேட்காமல் வாங்கிக்கொண்டேன். சும்மா கிடைக்கிறது என்றதும் சந்தோஷமாக முந்தியில் முடிந்துகொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

"யாரு பிடிச்ச சாணை இது?" என்று உலகநாதன் ஆசாரி உளியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் வாய்."

அவர் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. "என் சரிவு அப்படியே இருக்கே" என்றார். மற்ற ஆறு பேரும் அவரவர் உளியைப் பார்த்தார்கள், அவரவர் சரிவு அப்படியே இருந்தது. அன்றைக்கு மத்தியானம் மர லாரி பின்னால் வந்து, காயவைத்திருந்த பலகை அடுக்கை இடித்துத் தள்ளியது. நான் டிரைவரிடம் நாலு வார்த்தை பேசினேன். பேசி முடித்துத் திரும்பினால் பட்டறையில் இருந்த உளி, இழைப்புளி, ரம்பம் எல்லாம் ஈரம் பட்டதுபோல மின்னின. எதிர் டீக்கடையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தி பலகையையும் சேர்த்து நறுக்கிவிட்டது என்று எழுந்து வந்து சொல்லிவிட்டு, மீதி வெங்காயத்தை நறுக்கப் போனார்.

ஊர் பழகிக்கொண்டது. நான் சத்தம் போட ஆரம்பித்தால் சலூன்காரர் கத்தியை மடக்கிக்கொண்டு, முகத்தில் பாதி நுரையோடு இருக்கிறவரிடம், "வடிவக்கா முடிக்கட்டும், ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிப் பேப்பரைக் கையில் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், நான் சத்தம் போட ஆரம்பிக்கிற பதினொரு மணிக்கு மேல் பிள்ளைகள் காம்பஸ் பெட்டியைத் திறக்கக் கூடாது என்று கரும்பலகையில் எழுதினார். நகராட்சிக்காரர்கள் ஆட்டோவில் மைக் கட்டி, பொதுமக்கள் அரிவாள்மனையைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கும்படி கேட்டுக்கொண்டார்கள், அதே மூச்சில் தண்ணீர் வரியையும் கட்டும்படி கேட்டுக்கொண்டார்கள். பண்பொழியிலிருந்தும் புளியரையிலிருந்தும் பலாப்பழக்காரர்கள் கத்திகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தார்கள். எனக்குக் கோபம் வரவேண்டும் என்பதால் ஒவ்வொருவரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்.

தையல்காரர் மைதீன் பிச்சை அதில் கெட்டிக்காரர். அக்குளில் கத்தரிக்கோலை இடுக்கிக்கொண்டு ஒன்றும் தெரியாதவர்போல வருவார்.

"யக்கா, வீட்டுக்கு ஒரு கதவு வேணும்."

"என்ன அளவு பாய்?"

"அளவு எதுக்கு? குத்துமதிப்பா ஒண்ணு அடிங்க. பிளைவுட்டு போதும். நாலு ஆணி ஜாஸ்தியா அடிச்சிருங்க, அது நிக்கும்."

குத்துமதிப்பு என்ற வார்த்தையே எனக்கு ஆகாது என்று அவருக்குத் தெரியும். நான் திட்டத் திட்ட அவர் நாதஸ்வரம் கேட்கிறவர்போலக் கண்ணை மூடி நிற்பார், அப்புறம் ஒரு நூலை எடுத்து வெட்டிப் பார்ப்பார். "போதும்க்கா. இன்னுங் கொஞ்சம் திட்டினியன்னா கடையில இருக்க துணியெல்லாம் தானா கிழிஞ்சிரும்."

உலகநாதன் ஆசாரி ஒரு பலகையில் பென்சிலால் குறித்துவைத்தார். விலை குறைத்துக் கேட்டதால் வருகிற கோபம் செதுக்குகிற உளிக்கு நல்லது, வாய் மெலிசாக வருகிறது. சாமானைச் சேதப்படுத்தியதால் வருகிற கோபம் துளை அடிக்கிற தடித்த உளிக்கு, எத்தனை அடி வாங்கினாலும் வாய் மடங்காது. பொய் சொன்னதால் வருகிற கோபம் இழைப்புளிக்கு, சீவல் பட்டுத்துணிபோல வரும். பசியால் வருகிற கோபம் ஒன்றுக்கும் ஆகாது, வெறும் பிசிர். அவருடைய மணிக்கட்டு வடிந்தது. சாணைக்கல்கள் ஏழும் காய்ந்துபோய் மூலையில் கிடந்தன. கார்த்திகை முடியும்போது முப்பத்துமூன்று கதவுகள் சுவரில் சாய்ந்து நின்றன, ஒவ்வொன்றிலும் மூட்டுப் போட்ட இடத்தில் ஒரு மயிரிழை நுழையாது. பெருமையாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். வாயை அடக்கு, வாயை அடக்கு என்று எனக்குப் புத்தி சொன்ன அத்தனை பேரும் அந்த வாய்க்கு முன்னால் வரிசையில் நின்றார்கள், கத்தியோடு நின்றார்கள்.

அப்புறம் கோபம் வற்றியது. எப்படி வற்றாமல் இருக்கும்? திட்டு வாங்கினவன் மறுநாள் பலாச்சுளை கொண்டுவருகிறான், அவன் பெண்டாட்டி இடியாப்பம் கொடுத்தனுப்புகிறாள், மைதீன் பிச்சை என் அளவைத் தானே குத்துமதிப்பாக எடுத்து ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறார், அது கச்சிதமாக இருக்கிறது. எதிரே வருகிறவன் எதற்கு வருகிறான் என்று தெரிந்துபோனால் கோபம் தொண்டையோடு நின்றுவிடுகிறது. நான் சத்தம் போட்டேன், சத்தம்தான் வந்தது, உளியில் பிசிர்தான் விழுந்தது. மார்கழி பத்தாம் தேதி ஒன்பது கதவுகள் பாக்கி. ஏழு கல்லையும் திரும்ப ஊறப்போட்டார்கள். உலகநாதனின் மணிக்கட்டு மறுபடி உப்பியது. கம்பெனி லாரி தார்ப்பாய் மூடிக்கொண்டு விடுதி வாசலில் வந்து நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். டிரைவர் அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைக்கிறானாம்.

பன்னிரண்டாம் தேதி, சாப்பிட்டு எல்லோரும் கை கழுவி வந்த நேரம். உளிகள் மேடைமேல் வரிசையாகக் கிடந்தன. உலகநாதன் ஆசாரி என் முன்னால் வந்து நின்றார். மற்ற ஆறு பேரும் வேலையில் இருப்பதுபோல முதுகைக் காட்டி நின்றார்கள். அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"வடிவம்மா, நம்ம மொத நிலை மாட்டின வீடு ஞாபகம் இருக்கா?"

"ஏன்?"

"அந்த வீட்டு விசேஷத்துக்கு உன்னையும் கூப்பிட்டாங்கல்லா. முன்வாசல் வழியா நீ வரக்கூடாதுன்னு, மாட்டுக்கொட்டகை வழியா வரச்சொல்லி, அங்கனயே எலை போட்டாங்களே. நீயும் உக்காந்து சாப்பிட்டியே." அவர் நிறுத்தாமல் சொன்னார்: "அந்தச் சோறு ருசியா இருந்துச்சா?"

அது பட்டறையில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். அந்த நிலையை நான் முன்பக்கம் பிடிக்க அவர் பின்பக்கம் பிடித்துத் தூக்கி நிறுத்தினோம். அந்த நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து எல்லோரும் தாண்டித் தாண்டிப் போனார்கள், என்னை மட்டும் சாணி வாசனையில் உட்காரவைத்தார்கள். நான் சாப்பிட்டேன். பசித்தது, சாப்பிட்டேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அவரும் சொன்னதில்லை, முப்பது வருஷம் எங்கள் இரண்டு பேர் வாயும் அதைப் பூட்டி வைத்திருந்தது.

எனக்குச் சத்தம் வரவில்லை. 

மேடைமேல் இருந்த உளிகள் இறங்க ஆரம்பித்தன. யாரும் தொடவில்லை, தன் எடையிலேயே, தயிருக்குள் கரண்டி இறங்குவதுபோல, மேடைப் பலகைக்குள் இறங்கி, அடியில் வந்து, தரையில் சிமெண்டுக்குள் இறங்கி, போய்விட்டன. போகிற வழியில் ஒன்று, ஒருக்களித்து வைத்திருந்த முப்பத்துநாலாவது கதவைத் தொட்டது, கதவு சத்தமே இல்லாமல் இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் சாய்ந்தது. தரையில் ஏழு கீறல்கள். ஓர் ஆசாரி காதை வைத்துக் கேட்டார். "இன்னும் போகுது" என்றார்.

பெட்டிகளுக்குள் பூட்டியிருந்த மாற்று உளிகள் மட்டும் மிஞ்சின, எப்போதும்போல மழுங்கி.

உலகநாதன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "உனக்குக் கோவம் வந்தா கதவு தப்பிச்சிருமேன்னுதான் சொன்னேன், வேற ஒண்ணும் இல்ல" என்றார். எனக்குத் தெரியும். அந்த நாற்பத்திரண்டும் எனக்கு எவ்வளவோ அவ்வளவு அவருக்கும். நான் பட்டறைக்கு வெளியே வந்து மர அடுக்கின்மேல் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் ஊர்க்காரர்கள் வந்தார்கள். சலூன்காரர் வந்தார், டீக்கடைக்காரர் வந்தார், பலாப்பழக்காரர்கள் வந்தார்கள், எல்லோருடைய கையும் வெறுங்கை, எல்லோருடைய கத்தியும் மண்ணுக்குள் போயிருந்தது. யாரும் சண்டைக்கு வரவில்லை. மைதீன் பிச்சைதான் முதலில் வாயைத் திறந்தார்.

"கத்தரி போச்சுன்னு சொல்ல வரலக்கா. மேசையில ஓட்டை, அதுவும் பரவால்ல. என்னக்கா சொன்னாங்க உங்கள?"

நான் சொல்லவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை. கொண்டுவந்த டீயை என் பக்கத்தில் வைத்துவிட்டு, எல்லோரும் மரத்தூளில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகுதான் விலை எனக்குப் புரிந்தது. சும்மா வாங்கினேனே, அதன் விலை இதுதான்: இனி கடைசிவரைக்கும் என்னிடம் பேசுகிற ஒவ்வொருத்தரும், எதைச் சொன்னால் எனக்கு வலிக்கும் என்று தேடிக்கொண்டே இருப்பார்கள், நல்லவர்களும் தேடுவார்கள், நல்ல காரணத்துக்காகத் தேடுவார்கள். இந்த விலைக்கு எனக்கு இது கட்டாது. கட்டாத சாமானைத் திருப்பிக் கொடுத்துத்தான் எனக்குப் பழக்கம்.

மறுநாள் விடியலில் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு ஏழு பேரிடமும் போனேன், ஏழு பேருடைய மாற்று உளியையும் சாய்த்து வைத்து, ஏழு சரிவையும் அந்தக் குச்சியில் ஏழு வெட்டாக வெட்டிக்கொண்டேன். ஒரு முழம் வேங்கைத் துண்டு, ஒரு பென்சில், ஏழு உளி, பெட்டிபோல அடித்த ஒரு பலகைக் கூடு. பஸ் ஏறினேன்.

குழந்தைவேலு என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். நான் படியேறுவதற்குள் அவர் கடை மேசைமேல் வீட்டுக் கத்திகள், கத்தரிக்கோல், தேங்காய்த் துருவி, பக்கத்துக் கடைக்காரரின் வெட்டரிவாள் எல்லாம் வரிசையாக வந்துவிட்டன.

"வாங்கோ அக்கா. வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வரலீங்களா?" என்றார், ஆசையோடு.

"அண்ணாச்சி, கத்தியெல்லாம் உள்ள எடுத்து வையும். நான் விலை பேச வந்திருக்கேன்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. தண்ணீருக்குள் சுற்றுகிற கல்லைப்போல மெதுவாக இருந்தது. மூன்றாவது மெஷினை ஓடவிடச் சொன்னேன். பென்சிலை அசையாமல் கல்லுக்கு ஒட்டிப் பிடித்தேன். கல் முழுக்கக் கோடு விழவேண்டும். ஓர் இடத்தில் மட்டும் விழுந்தது.

"கல்லு ஆடுது."

"ஒரு நூல்தானுங்க..."

"என் கதவு மூட்டுல ஒரு நூல் ஆடினா நான் தலைகுனிஞ்சு நிக்கணும். கல்லைச் சமப்படுத்துத வைரக் குச்சியை இதோட சேத்துக் குடுத்திரும்."

உளியைப் பிடிக்கிற தாங்கியைக் காட்டினார், ஒரே கோணத்தில் முடுக்கி வைத்திருந்தார், எல்லா உளிக்கும் அதுவே போதும் என்றார். நான் குச்சியை எடுத்து ஏழு வெட்டையும் காட்டினேன். ஏழு ஆள், ஏழு சரிவு, ஏழுக்கும் இது திரும்புமா? அவர் அரைமணி நேரம் திருகி, ஏழுக்கும் திருப்பிக் காட்டினார், வேர்த்துவிட்டது அவருக்கு. தீட்டிய உளியை வேங்கைத் துண்டின் தலைப்பக்கம் வைத்துக் குறுக்கே தள்ளினேன். பிசிர் இல்லாமல், மெழுகைச் சீவியதுபோல வெட்டியது. கோபத்தில் பிடித்த சாணை அளவுக்கு இல்லை. கதவு செய்யப் போதும். தீட்டியபின் பிசிர் எடுக்கிற தோல் சக்கரம் தனி விலை என்றார், சேர்த்துத் தரச் சொன்னேன். மாற்றுக் கல் தனி விலை என்றார், அதையும் சேர்க்கச் சொன்னேன். கடைசியில் அவர் சொன்னதில் கால்பங்கு குறைந்திருந்தது, நான் ஒரு தடவைகூடக் குரல் உயர்த்தவில்லை.

"போன தடவையே இப்படிப் பேசியிருந்தீங்கன்னா அன்னிக்கே கொடுத்திருப்பேனுங்க" என்றார்.

"போன தடவை நீரு என்கிட்டப் பேசவே இல்லையே" என்றேன். அவர் தலையைக் கீழே போட்டுக்கொண்டு, கூட்டுக்குள் மெஷினை வைத்து, வைக்கோல் அடைத்து, தானே தூக்கிக்கொண்டு வந்து பஸ்ஸில் ஏற்றினார்.

பட்டறையில் ஏழு பேரும் மெஷினைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தர் உளியை இன்னொருத்தர் தீட்டக் கூடாது என்ற வழக்கத்தை மெஷினும் மீறவில்லை; அவரவர் வெட்டுக்குத் தாங்கியைத் திருப்பி, அவரவரே உட்கார்ந்து தீட்டினார்கள், ஆளுக்கு ஐந்து நிமிஷம். உலகநாதன் ஆசாரி கடைசியாக உட்கார்ந்தார். உளியைத் தாங்கி பிடித்துக்கொண்டதால் வலது கை மடியில் சும்மா கிடந்தது, இடது கை மட்டும் போதுமாயிருந்தது.

"வடிவம்மா... அன்னைக்கு நான்..."

"தொட்டியில தண்ணி குறையுது பாரும், ஊத்தும்."

ஊற்றினார். ஊற்றும்போது பாதித் தண்ணீர் வெளியே போயிற்று, நான் துணியை எடுத்துத் துடைத்தேன். பிளந்துபோன முப்பத்துநாலாவது கதவுக்குப் புது வேங்கை அறுத்தோம். ஊரில் புதிதாக வாங்கிய கத்திகள் வெறும் கத்திகளாகவே இருந்தன, சலூன்காரர் தோல்பட்டையில் கத்தியை இழுக்கிற சத்தம் மறுபடி கேட்டது, டீச்சர் கரும்பலகையை அழித்தார். மார்கழி கடைசி நாள், போகி அன்று பத்து மணிக்கு, நாற்பத்திரண்டாவது கதவைக் கீலில் மாட்டினோம். ஒரு விரலால் தள்ளினேன், போய், நிலையோடு பொருந்தி, கண்ணை மூடுவதுபோல மூடிக்கொண்டது. வாசலில் லாரிக்காரன் அடுப்பை அவித்துச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். ஏழு ஆசாரிகளும் தாழ்வாரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரைக்கும் நடந்தார்கள், நடக்கும்போது ஒவ்வொரு கதவையும் தொட்டுக்கொண்டே நடந்தார்கள்.

அப்போது இன்ஜினியர் வந்தார். பின்னாலேயே பெயிண்டர் ஒருவர், இரண்டு கையிலும் காவி நிற டப்பாக்களோடு.

"நல்லா வந்திருக்கும்மா. எல்லாத்துக்கும் ஒரே கலர் அடிச்சிட்டா முடிஞ்சிது."

"எதுக்கு?"

"கதவுக்குத்தான்."

வேங்கைக்கு. சந்தனமும் ரத்தமும் கலந்து ஓடுகிற அந்த ரேகைக்கு மேலே, பாத்ரூம் கதவுக்கு அடிக்கிற காவி. எனக்கு வந்த கோபம் என் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரைக்கும் என்னுடையது. யாரும் கேட்டு வாங்காதது, யாரும் கிளறி எடுக்காதது. அதை நான் முழுசாகப் போட்டேன். நாற்பத்திரண்டு அறையிலும் எதிரொலித்தது, மாடியில் புறாக்கள் பறந்தன, பெயிண்டர் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு படி இறங்கி முற்றத்துக்கே போய்விட்டார். டப்பாமேல் அவர் விட்டுப்போன, பட்டி பூசுகிற தகட்டை உலகநாதன் ஆசாரி எடுத்து, பழக்கதோஷத்தில் கட்டை விரலை ஓட்டிப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆகல. மொக்கையாத்தான் இருக்கு" என்றார், வாய் கொள்ளாத சிரிப்போடு.

இன்ஜினியர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரிம்மா, சரி. பெயிண்ட் வேணாம். பின்னே என்னதான் பண்றது இதுக்கு?"

"ஆளிவிதை எண்ணெய் கொண்டாந்திருக்கோம். துணியில முக்கித் தேய்ச்சா போதும்."

ஏழு பேர், நாற்பத்திரண்டு கதவு, பொங்கலுக்கு இருந்தது ஒரே பகல். இன்ஜினியர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தானும் ஒரு துணியை எடுத்து எண்ணெயில் முக்கினார். துணி பட்ட இடத்தில் வேங்கை விளக்கு ஏற்றினதுபோலச் சிவந்து எழுந்தது. நான் தாழ்வாரத்து மறுகோடியிலிருந்து கத்தினேன்:

"ரேகை போற பக்கமாத் தேயும் சார்! குறுக்கத் தேய்க்காதேயும்!"